கார் பார்க்கிங்கில் முளைத்த ஊர்: வெம்ப்ளி பற்றிச் சில குறிப்புகள்

2025 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஓல்ட் ட்ராஃபர்டில் இப்போதிருக்கும் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே 1,00,000 பேர் உட்காரக்கூடிய புது ஸ்டேடியம். செலவு சுமார் 200 கோடி பவுண்டு. நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வரைந்த படத்தில் மூன்று பெரிய கம்பங்கள், அவற்றிலிருந்து குடை மாதிரி விரியும் கூரை. பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குடையைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் அறிவிப்பில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது: சுற்றிலும் 17,000 வீடுகள், 92,000 வேலைகள், நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 730 கோடி பவுண்டு. கிளப்பின் பங்கு முதலாளி ஜிம் ராட்கிளிஃப் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "வடக்கின் வெம்ப்ளி" என்றே சொல்லிவந்தார்.

அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்கலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். வெம்ப்ளியில் ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு புது ஊரே எழுந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் அந்த ஊரை எழுப்பியது ஸ்டேடியமா? படிக்கப் படிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைச் சுற்றிக் கிடந்த காலி இடமும், பக்கத்தில் ஓடிய ரயிலும், அந்த இடம் மொத்தமாக ஒரே கைக்குப் போனதும்தான் முக்கியக் காரணங்கள். ஸ்டேடியம் அந்த நிலத்தை இத்தனை காலம் வேறு யாரும் தொடாமல் காவல் காத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருவோம், ஏன்னா இந்த நிலத்தின் கதை ரொம்ப சுவாரசியம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ரோபாலிடன் ரயில்வேயின் தலைவர் எட்வர்ட் வாட்கின். லண்டனுக்கு வெளியே வயலும் மேய்ச்சலுமாகக் கிடந்த வெம்ப்ளி வழியாக அவருடைய ரயில் ஓடியது. ரயில் இருக்கு, பயணி இல்லை. அப்போ என்ன செய்வது? ஜனங்கள் வர ஒரு காரணத்தை உண்டாக்குவது. ஒரு பூங்கா அமைத்து, அதன் நடுவில் பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரமாக ஒரு கோபுரம் கட்டத் தொடங்கினார். முதல் தளம் வரை, சுமார் 47 மீட்டர், எழுந்தது. 1896ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்கு மேலே போகப் பணமும் இல்லை, கீழே மண்ணும் உறுதியாக இல்லை. "வாட்கினின் மடத்தனம்" என்று பெயர் வாங்கிய அந்தக் கால் கோபுரத்தை 1907ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ரயில் நிலையம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய வெம்ப்ளி பார்க் ஸ்டேஷன் அதுதான்.

கோபுரம் நின்ற இடத்திலேயே 1923ல் எம்பயர் ஸ்டேடியம் வந்தது. அங்கு நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அதிகாரபூர்வக் கணக்குப்படி 1,26,047 பேர். உள்ளே நுழைந்தவர்கள் அதைவிட மிக அதிகம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆடுகளம் வரை நிரம்பி வழிந்த கூட்டத்தை ஒரு வெள்ளைக் குதிரைமேல் வந்த போலீஸ்காரர் பின்னுக்குத் தள்ளியதால் அந்த ஆட்டத்துக்கே வெள்ளைக் குதிரை இறுதி ஆட்டம் என்று பெயர். 1924, 1925ல் அதே வளாகத்தில் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி. இந்தியா, சிலோன் உட்படப் பல காலனிகளுக்கு மண்டபங்கள். இரண்டு பருவத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல் பார்வையாளர்கள். முடிந்ததும் வழக்கம்போல நஷ்டம்.

இங்கே ஆர்தர் எல்வின் என்று ஒருத்தர் வருகிறார். கண்காட்சியில் புகையிலைக் கடை நடத்தியவர். கண்காட்சி முடிந்ததும் கைவிடப்பட்ட மண்டபங்களை வாங்கி, இடித்து, பழைய சாமானாக விற்றே காசு சேர்த்தார். 1927ல் ஸ்டேடியத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவந்து அதில் நாய்ப் பந்தயம் விட்டார். கால்பந்தைவிட வாராவாரம் ஓடிய நாய்கள்தான் அந்த ஸ்டேடியத்துக்குச் சோறு போட்டன! 1934ல் பக்கத்திலேயே ஒரு நீச்சல் அரங்கம் கட்டினார். இன்று வெம்ப்ளி அரீனா என்று நாம் சொல்வது அதைத்தான். 2017ல் ஏ.ஆர். ரஹ்மானின் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்களே, ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டதே, அது நடந்தது இந்த அரீனாவில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கண்காட்சி மண்டபங்களில் மிஞ்சியவை கிடங்குகளாக மாறின. மற்ற இடமெல்லாம் கார் பார்க்கிங். ஒரு பெரிய ஸ்டேடியத்துக்கு எத்தனை ஏக்கர் தார்ப் பரப்பு தேவைப்படுகிறது என்று மேலேயிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால்தான் புரியும். வருஷத்தில் சில டஜன் நாள் மட்டும் நிரம்பி, மற்ற நாளெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும் நிலம். லண்டன் மாதிரி ஒரு நகரத்தில், ஜூபிலி, மெட்ரோபாலிடன் என்று இரண்டு ரயில் தடங்கள் வந்து நிற்கும் இடத்தில், இப்படி ஒரு நிலம்! 1999ல் ஜூபிலி தடத்தை வெஸ்ட்மின்ஸ்டர், கேனரி வார்ஃப் வழியாக நீட்டிவிட்டார்கள். வெம்ப்ளியில் ஏறினால் வண்டி மாறாமலேயே பேங்க் ஆபீசில் போய் இறங்கலாம் என்றாயிற்று. நிலத்தின் மதிப்பு அப்போதே மாறிவிட்டது; மேலே இருந்த கார்களுக்குத்தான் அது தெரியவில்லை.

பழைய ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம் 2000 அக்டோபரில், இங்கிலாந்து ஜெர்மனியிடம் 0-1 என்று தோற்ற ஆட்டம். இரட்டைக் கோபுரங்களோடு சேர்த்து இடித்துவிட்டு, 90,000 இருக்கைகளும் 133 மீட்டர் உயர வளைவுமாகப் புது ஸ்டேடியம் 2007ல் திறந்தது. தரையைத் தோண்டியபோது வாட்கினின் கோபுர அஸ்திவாரம் தட்டுப்பட்டதாம். இந்தக் கட்டுமானத்தில் பொதுப்பணமும் உண்டு. லாட்டரி நிதியிலிருந்து ஸ்போர்ட் இங்கிலாந்து கொடுத்தது மட்டும் 12 கோடி பவுண்டு. கட்டுமானத் தாமதம், வழக்கு, வாய்தா என்று செய்திகள் அதைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சத்தமில்லாமல் இன்னொன்று நடந்தது. குயின்டெய்ன் என்ற நிறுவனம் ஸ்டேடியத்தைச் சுற்றியிருந்த சுமார் 85 ஏக்கரை வாங்கிச் சேர்த்தது. ரிச்சர்ட் ரோஜர்ஸின் அலுவலகம் போட்ட வரைபடத்துக்கு 2004ல் பிரெண்ட் கவுன்சில் முதற்கட்ட அனுமதி கொடுத்தது. 2015ல் குயின்டெய்னை லோன் ஸ்டார் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது. மொத்தத் திட்டம் ஏறக்குறைய 8,500 வீடுகள்.

இந்த 8,500ஐ 85 ஏக்கரால் வகுத்துப் பாருங்க. ஏக்கருக்கு 100 வீடு. இது அதிகமா குறைவா என்று தெரிய வேண்டுமானால் நாலு தெரு தள்ளிப் போனால் போதும். வெம்ப்ளியைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் 1920, 30களில் கட்டிய இரட்டை வீடுகள். முன்னால் கொஞ்சம் தோட்டம், பின்னால் கொஞ்சம் தோட்டம். 1918ல் வந்த டியூடர் வால்டர்ஸ் அறிக்கை நகரத்து வீடுகளுக்கு ஏக்கருக்கு 12தான் வரம்பு என்று பரிந்துரைத்தது. அந்தக் காலத்துப் புறநகர்கள் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் விரிந்தன. அதாவது ஒரு சாலையைத் தாண்டினால் எட்டு மடங்கு அடர்த்தி. அதிலும் இந்த 85 ஏக்கருக்குள்தான் பூங்கா, கடை, ஹோட்டல், அரங்கு எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் கட்டடங்கள் அப்படி உயர்கின்றன. எங்கெங்கிருந்து பார்த்தால் ஸ்டேடியத்தின் வளைவு மறையக்கூடாது என்று கவுன்சில் சில பார்வைக் கோடுகளைப் பாதுகாத்து வைத்திருப்பதால், சில இடங்களில் உயரம் ஒதுங்கி வளைந்து போகிறது.

கார் பார்க்கிங்கை எடுத்துவிட்டு வீடு கட்டுவது, கேட்க எளிது. ஆனால் ஸ்டேடியத்துக்கு வரும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகவே தரையில் பரந்து கிடந்ததை மாடி மாடியாக அடுக்க வேண்டியிருந்தது. அடுக்கி முடித்த அளவுக்குத்தான் அடுத்த துண்டு நிலம் விடுபடும். 20 வருஷம் இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கூட்டம். ஆட்டம் முடிந்த அடுத்த நிமிஷம் 90,000 பேர் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே வருகிறார்கள். வெம்ப்ளி பார்க் ஸ்டேஷனை விரிவாக்கிய பிறகும் அது ஒரு மணி நேரத்தில் சுமார் 37,500 பேரைத்தான் உள்ளே இழுக்கும் என்பது கணக்கு. மீதிப் பேர் சில்டர்ன் ரயிலுக்கும் வெம்ப்ளி சென்ட்ரலுக்கும் பிரிந்தாலும், ஆயிரக்கணக்கானவர்கள் எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். அந்த "எங்கேயாவது"தான் ஒலிம்பிக் வே என்ற நீண்ட அகலமான நடைபாதை. கூட்டத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி, விட்டு, நிறுத்தி, விட்டு அனுப்புவார்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் வடக்கயிறு போட்டு ஜனங்களைப் பிடித்து வைப்பது போலத்தான். ஆக ஒலிம்பிக் வேயை யாரும் குறுக்க முடியாது. ஆனால் அதே பாதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போகிற பெண்ணுக்குப் பாலைவனமாகத் தெரியக் கூடாது. இரண்டு அளவுக்கும் பொருந்துகிற தெரு என்பது உண்மையிலேயே கஷ்டமான காரியம்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்கிறேன். பாதையின் முடிவில் ஸ்டேடிய வாசலுக்கு ஏறிச் செல்ல 1970களில் கட்டிய கான்கிரீட் சாய்தளம் ஒன்று இருந்தது. அடியில் இருட்டும் ஒதுக்குப்புறமும். அதை இடித்துவிட்டு 2021ல் அகலமான படிக்கட்டுகள் திறந்தார்கள். ஆட்ட நாளில் கூட்டம் அதில் ஏறி இறங்கும். மற்ற நாளில் ஜனங்கள் அதில் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். கீழே சந்தை போடலாம். குளத்துப் படித்துறை தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்?

2016 வாக்கில் குயின்டெய்ன் ஒரு முடிவெடுத்தது: பெரும்பாலான வீடுகளை விற்பதில்லை, தானே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது. இதில் நல்லது கெட்டது இரண்டும் இருக்கு. விற்பதற்காகக் கட்டுகிறவர் ஒரே நேரத்தில் நிறைய வீடுகளைச் சந்தையில் இறக்க மாட்டார், விலை விழுந்துவிடும். பெரிய மனைகளில் வீடுகள் ஏன் மெதுவாகவே எழுகின்றன என்று ஆராய்ந்த ஆலிவர் லெட்வினின் 2018 அறிக்கை இதைத்தான் சொன்னது. வாடகைக்கு என்றால் அந்தத் தயக்கம் குறைவு. வெம்ப்ளியில் வேலை வேகம் எடுத்தது இதற்குப் பிறகுதான். நிலம் கைவிட்டுப் போகவில்லை என்பதால் மரம், விளக்கு, கடை எது வைப்பது என்பதிலும் அவர்களுக்கு அக்கறை உண்டு. மறுபக்கம், பூங்காவும் சதுக்கமும் நடைவழிகளில் பலவும் ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகத்தில். அங்கே துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா, பாட்டுப் பாடலாமா என்பதை அவர்களுடைய காவலாளிதான் தீர்மானிப்பார்.

வாடகைக்கு வருவோம். திட்டத்தில் ஒரு பங்கு "கட்டுப்படியாகும்" வீடுகள் என்று கணக்கில் வரும். இந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது. 2011ல் இருந்து இங்கிலாந்தில் இந்தப் பெயரில் வரும் ஒரு வகைக்குச் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம். சந்தையே எட்டாத உயரத்தில் இருக்கும்போது அதில் 80 சதவீதம் யாருக்குக் கட்டுப்படியாகும்? இன்னொரு வகை கவுன்சில் வாடகையை ஒட்டி வரும் சமூக வாடகை. இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்துச் சொல்வது வசதி, ஆனால் படுக்கையறைக்கு ஆளுக்கு ஒரு குடும்பம் என்று நெருக்கியடித்து வாழும் பிரெண்ட் குடும்பங்களுக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே. இந்த மாதிரித் திட்டத்தை எங்கே பார்த்தாலும் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, இதில் சமூக வாடகை எத்தனை, குடும்பத்துக்கான மூன்று படுக்கையறை வீடு எத்தனை என்று இரண்டை மட்டும் தேடுங்கள்.

ஸ்டேடியம் வந்தால் ஊருக்கே வருமானம் என்ற பேச்சையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1997ல் தொகுத்த ஆய்வுகளில் அமெரிக்க ஸ்டேடியங்கள் சொன்னபடி வளர்ச்சியைத் தரவில்லை என்று காட்டினார்கள். தர்க்கம் எளிது: ஆட்டத்துக்குச் செலவழிக்கும் காசு, இல்லாவிட்டால் வேறெங்கேயோ சினிமாவுக்கோ சாப்பாட்டுக்கோ போயிருக்கும். வெம்ப்ளியில் முழுக் கூட்ட நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு வரம்பே உண்டு. 2017ல் டாட்டன்ஹாம் தன் ஸ்டேடியத்தை இடித்துக் கட்டும்போது இங்கே வந்து ஆட, கூடுதலாக 22 நாளுக்குத் தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத் தெருக்களில் நிகழ்ச்சி நாளில் பர்மிட் இல்லாமல் வண்டி நிறுத்த முடியாது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக்கூட. ஆட்ட நாளை நம்பி மட்டும் கடை வைத்தால் மீதி முந்நூறு நாளும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் அதே வெம்ப்ளியில் இருக்கு. ஸ்டேடியத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஈலிங் ரோடு. குஜராத்திகளும் ஈழத் தமிழர்களும் உண்டாக்கிய கடைத்தெரு. நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காயும் மாம்பழமும் நடைபாதை வரை வழியும் காய்கறிக்கடைகள், ஆல்பர்ட்டன் பக்கம் போனால் ஈழபதீஸ்வரர் ஆலயம். யாரும் மாஸ்டர் பிளான் போடவில்லை. ஆட்ட நாள் அந்தத் தெருவுக்கு ஒரு பொருட்டே இல்லை. தை, சித்திரை, தீபாவளி என்று அதற்கு வேறு காலண்டர். புது ஊரின் வாடகைக்கு இந்த மாதிரிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே நுழைய முடியுமா என்பது எனக்குள்ள சந்தேகம்.

மற்ற ஸ்டேடியங்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் வெம்ப்ளியின் அதிர்ஷ்டம் புரிகிறது. அங்கே நிலத்தின்மேல் இருந்தவை பெரும்பாலும் கார்களும் கிடங்குகளும். டாட்டன்ஹாமில் அப்படி இல்லை. புது ஸ்டேடியம் 2019ல் திறந்தது. அதற்கு எதிரே, ரயில் நிலையத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவில், லவ் லேன் என்ற கவுன்சில் குடியிருப்பு. சுமார் 300 வீடுகள். அதை இடித்து, பக்கத்துத் தொழிற்பட்டறைகளையும் எடுத்து, 2,600 வீடுகள் கட்டத் திட்டம். 2021ல் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாதிக்குச் சற்று மேல் சம்மதம். மீதிப் பேரின் அடுப்படியும் அதே கட்டடங்களில்தான் இருக்கிறது. ஏக்கருக்கு இத்தனை வீடு என்று பேசும்போது அது பேச்சிலேயே வராது.

ஆர்சனல் கதையில் வேறொரு பாடம். 2006ல் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாறிய பிறகு பழைய ஹைபரி ஆடுகளத்தை நடுவில் தோட்டமாக வைத்து, சுற்றியிருந்த பார்வையாளர் மேடைகளை அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார்கள். அழகான வேலை. ஆனால் புது ஸ்டேடியத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஹாலோவே ரோடு ஸ்டேஷனை விரிவாக்கவே இல்லை. அந்தச் சின்ன ஸ்டேஷன் கூட்டத்தைத் தாங்காது என்று ஆட்ட நாளில் அதன் பயன்பாட்டையே கட்டுப்படுத்துகிறார்கள். 60,000 பேர் அதைத் தாண்டி நடந்து போகிறார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஓல்ட் ட்ராஃபர்டைப் பாருங்க. திட்டப் பரப்பு சுமார் 370 ஏக்கர், வெம்ப்ளியைவிட நாலு மடங்குக்கு மேல். ஆனால் ஒரே கையில் இல்லை. ஸ்டேடியத்துக்குப் பின்னால் சரக்கு ரயில் முனையம் இருக்கிறது, கன்டெய்னர்கள் வந்து இறங்கும் இடம். கார் பார்க்கிங்கை ஒரு கேட்டைப் பூட்டி மூடிவிடலாம். சரக்கு முனையத்தை மூட முடியாது, வேறெங்கேயோ ரயிலும் சாலையும் போட்டுத் திறந்த பிறகுதான் இங்கே பூட்ட முடியும். செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் பார்க்சைடு என்ற இடம் பேசப்படுகிறது. ஸ்டேடியத்தைக் கிளப் தன் பணத்தில் கட்டும், சுற்றுவட்டார உள்கட்டமைப்புக்கு அரசு உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. நிலத்தின் மதிப்பை ஏற்றுவது அந்த இரண்டாவது பகுதிதான். அதற்குப் பொதுப்பணம் போகிறதென்றால், ஏறிய மதிப்பில் சமூக வாடகை வீடுகளாக எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். முனையம் நகர்ந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

ரயில் விஷயத்தில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஓல்ட் ட்ராஃபர்டின் தெற்கு மேடையை ஒட்டினாற்போலவே ஒரு ரயில் நடைமேடை இருக்கிறது. 1935ல் ரசிகர்களுக்காகவே திறந்தது. ஆட்டம் முடிந்து படியிறங்கினால் நேராக வண்டிக்குள் ஏறிவிடலாம், அவ்வளவு நெருக்கம். பல வருஷமாக அங்கே வண்டி நிற்பதில்லை. ரசிகர்கள் டிராம் நிறுத்தங்களுக்கு நடக்கிறார்கள்.